அத்தியாயம் 6: பதின்மூன்றாவது பெயர்

பட்டியல் எழுத உட்கார்ந்தால் முதல் 12 பெயர்கள் மளமளவென்று வந்துவிடும். பதின்மூன்றாவது பெயரில்தான் பேனா நிற்கும். கேம்ப் முழுக்கத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கேள்வி அங்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிற 32 வயதுக்காரரா, போன மாதம் ஜூனியர் போட்டியில் 6 கோல் போட்ட 19 வயதுப் பையனா? தேர்வுக்குழுவில் ஒருவர், "எதிர்காலத்தைப் பார்க்கணும் சார்" என்பார். இன்னொருவர், "பெரிய மேட்ச்னா அனுபவம்தான் சார் பேசும்" என்பார். இரண்டு பேச்சும் சரிதான். இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பெயரை எழுத முடியாது என்பதுதான் தொல்லை.

மாவட்ட அணி, கல்லூரி அணி என்று பல வருடங்கள் பட்டியல் எழுதி, பலமுறை தப்பாக எழுதி, நான் வந்து சேர்ந்த இடம் இது: சீனியர் எத்தனை, ஜூனியர் எத்தனை என்று கூட்டிக் கழிப்பதை முதலில் விடுங்கள். பையனுக்குப் பக்கத்தில் யார் நிற்கப்போகிறார், எந்த நிமிடத்தில் நிற்கப்போகிறார் என்று பாருங்கள். உதாரணங்களைப் பெரும்பாலும் இந்திய ஆண்கள் ஹாக்கி அணியிலிருந்து எடுத்திருக்கிறேன். எல்லோரும் டிவியில் பார்த்த ஆட்டங்கள் என்பதால் பேச வசதி.

எண்ணிக்கை ஏமாற்றும்

சர்வதேச ஆட்டங்களுக்கு வழக்கமாக 18 பேர் பட்டியல். ஒலிம்பிக் என்றால் 16தான். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியா முதலில் அறிவித்த 16 பேரில் 10 பேருக்கு அது முதல் ஒலிம்பிக். 2024-இல் பாரிஸ் போன 16 பேரில் புதியவர்கள் 5 பேர் மட்டுமே. இரண்டிலும் வெண்கலம். 'பாதிக்குப் பாதி', 'மூன்றில் ஒரு பங்கு' என்று சூத்திரம் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

டோக்கியோ பட்டியலில் பார்க்க வேண்டியது, பழையவர்கள் எங்கே நின்றார்கள் என்பது. கோலில் ஸ்ரீஜேஷ். பின்களத்தில் ரூபிந்தர் பால் சிங், பிரேந்திர லக்ரா, ஹர்மன்பிரீத் சிங், சுரேந்தர் குமார். நடுவில் கேப்டன் மன்பிரீத் சிங். முன்களத்தைப் பார்த்தால் தில்பிரீத், குர்ஜந்த், ஷம்ஷேர், லலித் என்று எல்லாமே ஒலிம்பிக்குக்குப் புது முகங்கள். பல ஆண்டு சீனியர் அணியில் ஆடியிருந்த மன்தீப்புக்குக்கூட அதுதான் முதல் ஒலிம்பிக். முதுகெலும்பு பழசு, கை கால் புதுசு.

இதற்கு ஆட்டத்திலேயே காரணம் இருக்கிறது. முன்களத்தில் ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால் நமக்கு ஒரு தாக்குதல் போகும், அவ்வளவுதான். 70 கஜம் பின்னால் நம் வட்டத்துக்குள் ஒருவன் அதே தப்பைச் செய்தால் பெனால்டி கார்னர், நேரம் கெட்டால் பெனால்டி ஸ்ட்ரோக். தவிர, ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். பார்வர்டுகளைச் சில நிமிடங்கள் முழு மூச்சாக ஓடவிட்டு வெளியே எடுத்துத் தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்புகிறோம். பேக் ஆடுபவர் அப்படி வந்து வந்து போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக ஆடுவது இளம் காலுக்கு ஏற்றது. தப்பு செய்தவனை உடனே வெளியே கூப்பிட்டு, சொல்லி, திருப்பி அனுப்பவும் வழி உண்டு. ஆகவே ஜூனியருக்கு முதல் வாய்ப்பைக் கூடுமானவரை முன்களத்தில் கொடுங்கள். அவன் பேக் என்றால் இந்தச் சலுகை கிடையாது. அவனுக்குத்தான் இந்த அத்தியாயத்தின் மீதி.

டோக்கியோவின் இரண்டாவது ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 1-7 என்று தோற்றது நினைவிருக்கும். பத்துப் புதுமுகங்கள் இருக்கிற அணி அந்த இடத்திலேயே உதிர்ந்து போயிருக்கலாம். அடுத்த ஆட்டத்தில் ஸ்பெயினை 3-0 என்று ஜெயித்தார்கள். கோலே வாங்காமல் ஜெயித்தார்கள் என்பதை அடிக்கோடிடுங்கள். முந்திய ஆட்டத்தில் ஏழு வாங்கிய அதே பின்களம்.

ஜகார்த்தாவுக்குத் திரும்பி வந்தவர்கள்

டோக்கியோ முடிந்த கையோடு, 2021 செப்டம்பர் கடைசியில், ரூபிந்தரும் லக்ராவும் ஓய்வை அறிவித்தார்கள். அடுத்த நாளே முன்கள சீனியர் எஸ்.வி. சுனில். மூவரும் போய்விட்டார்கள் என்று எல்லோரும் எழுதி முடித்தார்கள்.

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. முதல் அணியை அனுப்பாமல் இளைஞர்களை அனுப்புவது என்று இந்தியா முடிவெடுத்தது. இப்படி முடிவெடுக்கும்போது வழக்கமாக நடக்கிற தப்பு, 18 பையன்களையும் ஒரு கோச்சையும் விமானத்தில் ஏற்றிவிட்டு 'அனுபவம் கிடைக்கட்டும்' என்று கைகழுவுவது. இங்கே அப்படிச் செய்யவில்லை. பயிற்சியாளராக சர்தார் சிங்கைப் போட்டார்கள். ஓய்விலிருந்து ரூபிந்தரைக் கூப்பிட்டுக் கேப்டனாக்கினார்கள். அவருக்குக் காயம் பட்டதும் லக்ரா கேப்டன், சுனில் துணைக் கேப்டன். 'போய்விட்டார்கள்' என்று எழுதப்பட்டவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து பையன்களோடு நின்றார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர் அந்த அணியில் இருந்தார்கள்: கோவில்பட்டி மாரீஸ்வரன், அரியலூர் கார்த்தி. இருவரும் கோவில்பட்டியில் மட்டை பிடித்து வளர்ந்தவர்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் கோலைப் போட்டது கார்த்தி. அந்த ஆட்டம் 1-1 டிரா. அப்புறம் அடுத்த சுற்றுக்குப் போகக் கோல் கணக்கு தேவைப்பட, இந்தோனேசியாவை 16-0 என்று அடித்தார்கள். கடைசியில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம். கோல் போட்டவர் ராஜ்குமார் பால்.

ராஜ்குமாரை அப்படியே பாரிஸுக்குக் கொண்டுபோங்கள். 2024 ஆகஸ்ட் 4, பிரிட்டனோடு காலிறுதி, 1-1, ஷூட் அவுட். வெற்றியை முடித்துவைத்த கடைசி கோலை அடித்தது அதே பையன், தன் முதல் ஒலிம்பிக்கில். ஜகார்த்தாவில் ஆடியதால்தான் பாரிஸில் அடித்தான் என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் 1-0 என்று முன்னிலையில் இருக்கும் ஓர் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை லக்ராவும் சுனிலும் எப்படி ஓட்டினார்கள் என்று அவன் களத்துக்குள் நின்று பார்த்திருக்கிறான். வீடியோவில் பார்ப்பதும் அதுவும் ஒன்றில்லை.

உங்கள் அளவில் இதைச் செய்ய ஜகார்த்தா வேண்டியதில்லை. ஊர்க் கோப்பைக்கு இரண்டாம் அணியை அனுப்புகிறீர்களா? அதோடு இரண்டு சீனியரை அனுப்புங்கள். மேனேஜராக அல்ல, மட்டையோடு. ஒருவர் பின்னால், ஒருவர் முன்னால்.

'உன் பந்து, உன் பந்து'

என் கதை ஒன்று. மண் தரையில் ஒரு கல்லூரி இறுதியாட்டம். நாங்கள் 2-1. கடைசி 8 நிமிடம். எங்கள் சீனியர் பேக் அன்று மெதுவாக இருப்பதாக எனக்குப் பட்டது. அவனை வெளியே கூப்பிட்டு முதலாம் ஆண்டுப் பையனை இறக்கினேன். உள்ளே இன்னொரு பேக்கும் இரண்டாம் ஆண்டுதான். எதிரணி ஒரு பந்தை உயரத் தூக்கிப் போட்டது. அது இருவருக்கும் நடுவில் இறங்கியது. இரண்டு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள், யாராவது ஒருவன் போயிருந்தால் தீர்ந்தது. ஆளுக்கொரு அடி வைத்தார்கள், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தார்கள், இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் 'உன்னுது' என்று வந்தது. நடுவில் புகுந்தவன் பந்தை எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டான். கூடுதல் நேரத்தில் தோற்றோம்.

பஸ்ஸில் வரும்போது அந்தச் சீனியர் என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். கோபம் இல்லை. "சார், என் கால் ஓடலைன்னு தூக்கினீங்க. சரிதான். ஆனா நான் அங்க ஓடுறதுக்கா சார் நின்னேன்? வாயாலதானே ஆடிட்டிருந்தேன்" என்றான்.

அவன் களத்துக்குள் பேசியது மைதான ஓரத்தில் நின்ற எனக்குக் கேட்டிருக்கவில்லை. முக்கால் மணி நேரமாக அவன் 'இடது', 'விடு', 'நான் வரேன்' என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறான். அந்தச் சத்தம் நின்ற நாலாவது நிமிடம் கோல். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஆள் மாற்றும் அட்டையில் பின்களத்தின் இரண்டு நடு இடங்களிலும் ஒரே நேரத்தில் இரண்டு புதியவர்கள் இருக்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்கும். ஓடுகிற சீனியர் இல்லையென்றால் பேசுகிற சீனியர் போதும்.

பயிற்சி ஆட்டத்தில் இதைச் சோதிக்கலாம். கோலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ஸ்கோரைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். சீனியர் வெளியே போனதும் பின்களம் ஊமையாகிவிட்டால் பையன்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை.

ஒரே இடத்துக்கு இரண்டு பேர்

தாளை எடுத்து நெடுக ஒவ்வோர் இடமாக எழுதுங்கள்: கோல்கீப்பர், இரு நடு பேக், பெனால்டி கார்னர் அடிப்பவர், பெனால்டி கார்னரை எதிர்த்து முதலில் பாய்ந்து ஓடுபவர், நடுக்களத்தில் பந்து பிரித்துக் கொடுப்பவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே முதல் ஆள், இரண்டாம் ஆள், அடுத்த பெரிய போட்டி வரும்போது அவர்களுக்கு என்ன வயது. எங்கே இரண்டு பேருமே 30-ஐத் தாண்டுகிறார்களோ அங்கே வட்டம் போடுங்கள். இரண்டாம் கட்டம் காலியாக இருந்தால் இரண்டு வட்டம்.

பெனால்டி கார்னர் இடத்தில் இந்தியா இதை அழகாகச் செய்தது. ரூபிந்தர் உச்சத்தில் இருந்தபோதே ஹர்மன்பிரீத்தை அவரோடு சேர்த்து நிறுத்தினார்கள். டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி 5-4 என்று ஜெயித்தபோது இருவரும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். ரூபிந்தர் போனபின் அந்த இடத்தில் பள்ளம் விழவில்லை. பாரிஸில் ஹர்மன்பிரீத் 10 கோல் போட்டார், அந்த ஒலிம்பிக்கிலேயே அதிகம். ஒருவர் போனபின் தேடாமல், இருக்கும்போதே பங்கு பிரித்ததன் பலன்.

முதலில் பாய்ந்து ஓடுபவர் விஷயத்தில் அவ்வளவு நிம்மதி இல்லை. பாரிஸில் அந்த வேலை அமித் ரோகிதாஸுடையது. காலிறுதியில் 17-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மீதி ஆட்டம் முழுக்க 10 பேர். நடுக்களத்து மன்பிரீத் கீழே இறங்கிப் பின்களத்தில் நின்றார். நாலாவது ஒலிம்பிக் ஆடுகிறவர், எந்த இடத்தில் நிறுத்தினாலும் நிற்பார். பட்டியலில் 16 இடம்தான் என்னும்போது இரண்டு இடம் ஆடத் தெரிந்த ஒரு சீனியர் ஒன்றரை ஆள். இளைஞர்களிடம் இது கிடைப்பது அபூர்வம், ஏனென்றால் ஒரு வேலையை நன்றாகச் செய்துதான் அவர்கள் மேலே வந்திருக்கிறார்கள். தடை காரணமாக ரோகிதாஸ் இல்லாமல் ஆடிய அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் என்று பேசிப் பயனில்லை. ஆனால் தாளில் அந்தக் கட்டத்துக்கு எதிரே இரண்டாவது பெயர் எவ்வளவு அழுத்தமாக எழுதப்பட்டிருந்தது என்று கேட்கலாம்.

கோல்கீப்பர் தனிக் கதை. மற்ற எவனும் 10 நிமிடம் ஆடிப் பழகலாம், இவனுக்கு அந்த வழி குறைவு. ஸ்ரீஜேஷ் 2006-இல் கொழும்பு தெற்காசிய விளையாட்டில் அறிமுகமானார். நிரந்தரமாக நிலைபெற இன்னும் ஐந்து வருடம் பிடித்தது. ஏட்ரியன் டிசோசா, பரத் சேத்ரி ஆகியோருக்குப் பின்னால் காத்திருந்தவர் அவர். பிற்பாடு அவருக்குப் பின்னால் கிருஷண் பகதூர் பாதக் அதே மாதிரி காத்திருந்தார். ஒலிம்பிக் 16-இல் ஒரே கோல்கீப்பர் என்பதால் பாரிஸுக்கும் மாற்று ஆளாகத்தான் போனார். இடையில் புரோ லீக் ஆட்டங்களில் கால் பகுதிக்கு ஒருவர் என்று இருவரையும் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். சிலர் இதைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அது மிகச் சரியான ஏற்பாடு. கணக்கில் வராத ஆட்டத்தில் 15 நிமிடம் கொடுக்காதவர், கணக்கில் வருகிற ஆட்டத்தில் 60 நிமிடம் கேட்கக் கூடாது.

ஜூனியர் கோப்பையைப் பார்த்து மயங்காதீர்கள்

2016 டிசம்பரில் லக்னோவில் இந்தியா பெல்ஜியத்தை 2-1 என்று வென்று ஜூனியர் உலகக் கோப்பையை எடுத்தது. இறுதியில் கோல் போட்டவர்கள் குர்ஜந்த், சிம்ரன்ஜீத். இருவரையும் டோக்கியோவில் பார்த்தோம், ஆனால் நாலரை வருடம் கழித்து. அதிலும் சிம்ரன்ஜீத் முதல் 16-இல் இல்லை. கொரோனா காரணமாக மாற்று வீரர்களையும் ஆடவிடலாம் என்று விதி தளர்ந்ததால் உள்ளே வந்தவர். வெண்கல ஆட்டத்தில் 2 கோல் போட்டார். லக்னோவில் கோப்பையைத் தூக்கிய கேப்டன் ஹர்ஜீத் சிங்கோ டோக்கியோ அணியில் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 21 வயதுக்குட்பட்டோர் போட்டியில் மின்னுவது நுழைவுச்சீட்டு, அவ்வளவே. எவன் தங்குவான் என்று அப்போதே சொல்லிவிட யாராலும் முடியாது. ஆகவே ஒரே ஒருவன்மேல் பந்தயம் கட்டாமல் நாலைந்து பேரை வரிசையில் வைத்திருங்கள். எப்போதாவது விவேக் சாகர் பிரசாத் மாதிரி 18 வயது நிரம்புமுன்னே சீனியர் அணியில் ஆடுகிற ஒருவன் வருவான். அவனுக்காக உங்கள் முறையை வளைக்கலாம். எல்லோருக்கும் வளைக்காதீர்கள்.

பையன் ஆயத்தமா என்று பார்க்க நான் கோலை எண்ணுவதில்லை. பந்தைப் பறிகொடுத்தபின் 5 விநாடி என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். தலையில் கை வைக்கிறானா, அம்பயரைப் பார்க்கிறானா, திரும்பி ஓடுகிறானா? சீனியரிடமும் இதே 5 விநாடிதான் சோதனை. வயதாவது வேகத்தில் முதலில் தெரியாது, திரும்பி ஓடுவதில் தெரியும். கால் எட்டாத இடத்தில் மட்டையை நீட்டுவார். பச்சை அட்டை 2 நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது 5. ஒரு பருவத்தில் ஒருவருடைய அட்டைகள் திடீரென்று கூடினால் குணம் கெட்டுவிட்டது என்று திட்டாதீர்கள், பிறந்த தேதியைப் பாருங்கள்.

அனுப்புவது

எல்லோரையும் ஒரே நாளில் அனுப்புவது நம் நாட்டுப் பழைய வியாதி. 1998-இல் பாங்காக்கில் 32 வருடத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் வந்தது. வந்த சூட்டிலேயே கேப்டன் தன்ராஜ் பிள்ளை உட்பட மூத்தவர்கள் பலர் அணியிலிருந்து விடப்பட்டார்கள். பயிற்சியாளர் கௌசிக்கும் போனார். வெளிநாட்டிலும் இது நடக்கும். நெதர்லாந்தின் பயிற்சியாளர் பால் வான் ஆஸ் 2012 தொடக்கத்தில் டியூன் டி நோயரையும் டாகே டாகேமாவையும் ஒன்றாக நீக்கினார். நாடே கொந்தளித்தது. லண்டன் ஒலிம்பிக் நெருங்கும்போது டி நோயரைத் திரும்பக் கூப்பிட்டார், 36 வயதில். டாகேமாவைக் கூப்பிடவில்லை. அணி வெள்ளி வாங்கியது. தப்பைத் திருத்திக்கொள்ளக் கூச்சப்படாத கோச் என்று அவரை நான் மதிக்கிறேன்.

அனுப்பாமலே இருப்பதற்கும் விலை உண்டு. பெல்ஜியத்தின் ஒரு தலைமுறை 2016-இல் ரியோ வெள்ளி, 2018-இல் உலகக் கோப்பை, டோக்கியோவில் தங்கம் என்று எல்லாம் எடுத்தது. ஒன்றாக வளர்ந்தவர்கள், ஒன்றாகவே மூத்தார்கள். பாரிஸ் காலிறுதியில் ஸ்பெயினிடம் 2-3. வயது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் தாளில் எத்தனை வட்டம் இருந்திருக்கும் என்று யோசித்ததுண்டு.

கோட்டா வைத்துத் தீர்க்கலாம் என்பார்கள். ஹாக்கி இந்தியா லீக் மறுபடி தொடங்கியபோது 24 பேர் அணியில் 4 ஜூனியர் கட்டாயம் என்று வைத்தார்கள். நல்லதுதான். கோட்டா பையனை பெஞ்சு வரை கொண்டுவரும். அங்கிருந்து உள்ளே அனுப்புவது உங்கள் கை.

கடைசியாக, 13-வது பெயர் பையனுடையது என்று முடிவாகிவிட்டால், தாளை ஒட்டுமுன் சீனியரிடம் நேரில் சொல்லுங்கள். போனில் வேண்டாம், உதவிப் பயிற்சியாளரை அனுப்ப வேண்டாம். "உன்னை யாரும் மறக்க மாட்டாங்க" மாதிரி இரங்கல் கூட்டப் பேச்சும் வேண்டாம். எந்தக் காரணம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் டீ சொல்லுங்கள். கிளம்பும்போது, காலை ஆறு மணிக்குப் பெனால்டி கார்னர் பயிற்சிக்கு வரமுடியுமா, அந்தப் பையனுக்கு எதிரில் நின்று ஓட ஆள் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிறவருக்கு மட்டை, பேட், முகமூடி எல்லாம் முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடுங்கள்.